படமும் எழுத்தும்

கருவி கையில் இருந்தால் எவரும் நற்படம் எடுத்துவிடலாம் என்பர் சிலர். அது பொருந்தாது. பறவை ஒன்றைப் படம் எடுப்பவர் அதன் பெயரையும், உணவையும், கூடு கட்டும் பருவத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவு இல்லாத படம் கண்ணைக் கவருமேயன்றிக் கருத்தை வளர்க்காது.

இதற்குச் சான்றாக விளங்கியவர் சென்னை மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன். 'பஞ்சாமிர்தம்' என்னும் இதழின் ஆசிரியரும் நாவலாசிரியருமான அ. மாதவையாவின் மைந்தராக 1912ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்த படக்கருவியைச் சுமந்துகொண்டு, யானை மீது அமர்ந்தும் கால்நடையாகவும் காடுகளில் உலவினார். அவர் எடுத்த படங்கள் கருப்பு வெள்ளைப் படங்களே. ஆயினும், அவற்றில் விலங்கின் இயல்பு விளங்கித் தோன்றும்.

படத்தோடு அவர் நின்றுவிடவில்லை. 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் 1996இல் தாம் மறையும் வரை இயற்கையைப் பற்றி இடைவிடாது எழுதினார். புலியையும் யானையையும் போலவே காக்கையும் அணிலும் அவர் எழுத்தில் இடம்பெற்றன. இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து, 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாகப் பதிப்பித்தார். நாளிதழோடு மறைந்துபோகும் எழுத்தை நிலைபெறச் செய்வது பதிப்பாசிரியரின் தொண்டு அன்றோ?

இன்று படக்கருவி இல்லாத வீடு அரிது. ஆனால், நல்ல படம் வேண்டிக் கூட்டை மறைக்கும் கிளையை ஒடிப்பாரும் உளர். மறைவு நீங்கிய கூட்டிலுள்ள குஞ்சுகள் வெயிலுக்கும் காக்கைக்கும் இரையாகும். உயிரைக் கெடுத்துப் பெறும் படம் எவ்வளவு அழகியதாயினும் குற்றமுடையதே.

இயற்கையை அறியக் காட்டிற்குத்தான் செல்ல வேண்டும் என்பதும் இல்லை. முகப்பேரில் வாழும் மாணவர்க்குக் கொரட்டூர் ஏரியும் அம்பத்தூர் ஏரியும் அண்மையில் உள்ளன. அங்கே நீர்க்காகம் சிறகு உலர்த்துவதையும், முக்குளிப்பான் நீரில் மூழ்கி எழுவதையும் காணலாம். கண்டதைத் தொலைவிலிருந்து படமாக்கி, நாளும் பொழுதும் குறித்து எழுதி வைத்தல் நன்று. வீடுகள் பெருகி ஏரிகள் சுருங்கும் இக்காலத்தில், அங்கு வாழ்ந்த உயிர்களுக்கு அக்குறிப்பே சான்றாகும். பெயர் அறியாத பறவைக்காக எவரும் வாதாட இயலாது. அறிந்தவர்க்கே அதனைக் காக்கும் கடமையும் தோன்றும்.