அழகு பார்த்து மீன் வாங்காதீர்!

“ஐயா, டோரி செத்துப்போச்சு!” பள்ளி விடுமுறை முடிந்து வந்த என் மாணவன் ஒருவன் கண்கலங்கிச் சொன்னான்.

வீட்டில் புதிதாக வைத்த பவளத் தொட்டி. 80 லிட்டர் நீர். முதல் வாரமே கோமாளி மீன், நீல டேங் மீன், மாண்டரின் மீன் மூன்றையும் விட்டிருக்கிறார்கள். குற்றம் மீனுடையதா?

பெற்றோர்களே, 2003-இல் வெளிவந்த நிமோ படத்தைப் பார்த்துவிட்டு மீன் வாங்குவது முறையன்று. டோரியாக நாம் அறிந்த நீல டேங் ஏறத்தாழ 30 செ.மீ. வளரும், நீந்துவதற்குப் பரந்த வெளி வேண்டும். மாண்டரின் மீன் பாறையில் வாழும் நுண்ணிய உயிர்களையே பெரிதும் உண்ணும். புதிய தொட்டியில் அவை போதாமையால் பட்டினியால் மடியும். சிங்க மீனோ உடனிருக்கும் சிறு மீன்களையே விழுங்கிவிடும்.

“செத்தால் வேறு வாங்கலாம், பிள்ளைக்கும் அது ஒரு பாடந்தானே” என்பார் சிலர். எந்தப் பாடம்? உயிர் மலிவானது என்னும் பாடமா?

மீன் கழிவில் தோன்றும் அம்மோனியா நஞ்சு. அதனை மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் பெருகப் பல வாரங்கள் ஆகும். அதுவரை மீனில்லாத் தொட்டியின் நீரைப் பிள்ளையே சோதித்துக் குறித்து வைக்கட்டும். பொறுமையும் கல்விதான். பின்னர், பண்ணையில் பிறந்த கோமாளி மீன் இணை ஒன்று போதும். கடற்சாமந்தி இல்லாமலே அவை நன்கு வாழும்.

சேர்ந்து வாழ இயலாதவற்றை ஒரே தொட்டியில் அடைத்துவிட்டு, “கூடி வாழ்ந்தால் கோடி நன்மை” என்று வகுப்பில் நான் எந்த முகத்தோடு கற்பிப்பேன்? சிந்திப்பீர்!