விரதமும் தண்ணீரும்

சென்ற மார்கழியில், வைகுண்ட ஏகாதசியன்று அதிகாலை 3 மணிக்கே என் மூத்த தமக்கையார் பெருமாள் கோயில் வரிசையில் போய் நின்றுவிட்டார். வயது 72. தசமியன்று பகல் ஒருவேளை உணவோடு நிறுத்தியவர், இரவு முதல் தண்ணீரும் அருந்தவில்லை. ஆயினும் வீட்டைவிட்டுக் கிளம்புமுன் சர்க்கரைக்கான மாத்திரையையும் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையையும் ஒரு மடக்கு நீரில் விழுங்கிவிட்டார். மாத்திரைக்கு விரதம் இல்லை என்பது அவர் கணக்கு. ஏழு மணி அளவில், பரமபத வாசல் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், உடம்பெல்லாம் வியர்த்துக் கை நடுங்கி அப்படியே சரிந்தார். நினைவு தப்பவில்லை. பக்கத்தில் நின்ற ஓர் அம்மையார் தம் பையிலிருந்த கற்கண்டை வாயில் இட்டார். மருத்துவமனையில் பார்த்தபோது, அந்தக் கற்கண்டுக்குப் பிறகும் இரத்தச் சர்க்கரை 58தான் இருந்தது. அந்த அம்மையார் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

சர்க்கரை குறைந்ததற்குக் காரணம் எளிது. உணவு உண்பவருக்கென அளந்து கொடுத்த மாத்திரை, உணவில்லாத வயிற்றில் வேலை செய்துவிட்டது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும், கணையத்தைத் தூண்டும் வகை மாத்திரை உண்பவர்களுக்கும் இந்த அபாயம் அதிகம். இரத்த அழுத்தத்துக்கான மாத்திரைகளிலும் சில, சிறுநீரை அதிகமாகப் பிரியச் செய்பவை. தண்ணீரே அருந்தாத உடம்பிலிருந்து அவை மேலும் நீரை வெளியேற்றிவிடும். ஆகவே விரத நாளில் எந்த மாத்திரையை எவ்வளவு, எப்போது உண்பது என்பதை விரதத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நாமாகவே நிறுத்துவதும் தவறு, நாமாகவே தொடர்வதும் தவறு.

“தண்ணீராவது குடித்திருக்கலாமே அக்கா” என்று கேட்டேன். “ஏகாதசியன்று தண்ணீரா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரத்தில், மெல்லச் சொன்னார்: “அதுமட்டும் இல்லைடா தம்பி. வரிசையில் நிற்கையில் நடுவில் போகவேண்டி வந்தால் எங்கே போவேன்? விட்டு வந்தால் இடம் போய்விடும். அடக்கிக்கொள்ளவும் இந்த வயதில் முடிகிறதில்லை.”

நம் வீட்டு மூதாட்டியர் பலர் தண்ணீர் அருந்தாததற்கு மெய்யான காரணம் இதுதான் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. கோயிலுக்கு மட்டுமா? கலியாணம், பேருந்துப் பயணம், கதாகாலட்சேபம் என எங்கு கிளம்பினாலும் முதல் நாளே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். நீர் குறைந்தால் சிறுநீர் செறிந்து எரிச்சல் உண்டாகிறது. அதனால் அவசரம் இன்னும் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. மூத்திரக்குழாய்த் தொற்று, மலச்சிக்கல், தலைசுற்றல் ஆகியவையும் பின்னாலேயே வரும். அடக்க இயலாமை முதுமையின் விதி அன்று. இடுப்பின் அடித்தசைகளை இறுக்கித் தளர்த்தும் எளிய பயிற்சியிலேயே பலருக்குக் குறைகிறது, மருந்தும் உண்டு. வெட்கத்தை விட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவே.

இனி விரதத்தின் பக்கம். விரதத்தைக் கெடுக்காதவை என்று தர்ம சாஸ்திரம் எட்டைக் கணக்கிடுகிறது. நீர், கிழங்கு, கனி, பால் ஆகியவை அவற்றுள் அடங்கும், மருந்தும் அடங்கும், குருவின் சொல்லும் அடங்கும். ஏகாதசி உபவாசம் கட்டாயம் என்று சொல்லுமிடத்திலும் 8 வயதுக்கு மேல் 80 வயது வரை என எல்லை வகுத்திருக்கிறார்கள். நிர்ஜலமாக இருப்பது ஆற்றல் உடையோருக்கு உரியது. இதைச் சொன்னதும் தமக்கையார், “இதை முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா?” என்று என்னையே கோபித்துக்கொண்டார்.

தாகம் எடுக்கும்போது குடித்தால் போதாதா என்று கேட்கலாம். இளமையில் போதும். வயது ஏற ஏறத் தாக உணர்ச்சி மங்கிவிடுகிறது; நீரை மிச்சம் பிடித்து வைக்கும் ஆற்றலும் சிறுநீரகத்துக்குக் குறைகிறது. இந்த மாற்றம் படிப்படியாக வருவதால், ஐம்பதைக் கடந்த பிள்ளைகளும் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது. தாகத்தை நம்பாமல் வேளையை நம்ப வேண்டும். எழுந்ததும் ஒரு தம்ளர், பூஜை முடிந்ததும் ஒன்று, உணவோடு ஒன்று, மாலை விளக்கேற்றுமுன் ஒன்று என்று ஏதேனும் ஒரு நியமத்தோடு சேர்த்துவிட்டால் மறக்காது. காபி, மோர், ரசம் எல்லாம் கூட்டி நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை பெரும்பாலோர்க்குப் பொருந்தும். இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதிய நீர் சேர்கிறது என்று கொள்ளலாம். இரவில் அடிக்கடி எழ நேர்பவர்கள் பகலிலேயே பெரும்பகுதியை அருந்திவிட்டு, மாலை ஆறு மணிக்குமேல் குறைத்துக்கொள்ளலாம். ஸ்ரீராம நவமிப் பானகமும் நீர்மோரும் கோடைக்கு ஏற்றவை; எனினும் பானகத்தில் இருப்பது வெல்லம், மோரில் இருப்பது உப்பு என்பதைச் சர்க்கரை உள்ளவர்களும் அழுத்தம் உள்ளவர்களும் மறக்கலாகாது.

ஏகாதசியன்று அரிசியை விலக்கிவிட்டு இரவில் ரவை உப்புமா, வாழைக்காய் வறுவல், உருளைக்கிழங்கு, ஜவ்வரிசிக் கஞ்சி என்று இரட்டிப்பாக உண்ணும் வீடுகள் உண்டு. எங்கள் வீடும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. ஜவ்வரிசி ஏறக்குறைய முழுவதும் மாவுச்சத்துதான். மறுநாள் துவாதசிப் பாரணையைப் பாருங்கள்: அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் சியும் நார்ச்சத்தும் ஒரே இலையில். இதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று ஏன் நிறுத்த வேண்டும்? இதோடு பருப்பும் பயறும் சேர வேண்டும். முதுமையில் தசை கரைவதுதான் பலர் தடுக்கி விழுவதற்குக் காரணம். இரவு தயிர்சாதமும் ஊறுகாயுமாக முடித்துக்கொள்ளும் பெரியோர்க்குப் புரதம் போதாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 60 கிராம் புரதம் வேண்டுமானால், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் ஏறத்தாழ 12 கிராம் தரும். நவராத்திரியில் ஒன்பது நாளும் கிடைக்கும் சுண்டல் மற்ற நாள்களில் எங்கே போகிறதோ! உப்பு, நாளுக்கு ஒரு சிறு கரண்டி, அதாவது 5 கிராமுக்குள் அடங்க வேண்டும். ஊறுகாயும் அப்பளமும் அந்தக் கணக்கில் சேரும்.

நடைக்குக் கோயில் பிராகாரத்தைவிட நல்ல இடம் ஏது? வாரத்துக்கு 150 நிமிட நடையை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. வேகத்தை அறிய ஒரு வழி: நடக்கையில் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நாமாவளியை இராகத்தோடு பாடிக்கொண்டே வலம் வர முடிகிறதென்றால் அது நல்ல பிரதட்சிணம்தான்; உடற்பயிற்சிக் கணக்கில் சேராது. ஆனால் நண்பகலில் வேண்டாம். நீண்டகாலச் சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவர்களுக்குக் கொதிக்கும் கருங்கல் சுடுவதே தெரியாமல், வீட்டுக்கு வந்த பின்பே கொப்புளம் தெரியவரும். அத்தகையோர் காலையிலோ மாலையிலோ வலம் வந்து, வீடு திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். நமஸ்காரம் செய்து எழும்போதும் சட்டென்று நிற்காமல், உட்கார்ந்து பத்து எண்ணிவிட்டு, தூணைப் பற்றி எழுந்தால் தலைசுற்றி விழ நேராது.

தமக்கையாரின் ஏகாதசி நிற்கவில்லை. இப்போது பாலும் பழமும் தண்ணீரும் உண்டு. அன்றைய மாத்திரை அளவை மருத்துவர் தனியே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்; அது பூஜை அறையில் பஞ்சாங்கத்துக்குள் இருக்கிறது. வரும் வைகுண்ட ஏகாதசியன்று வீட்டிலேயே இருந்துவிட்டு, இராப்பத்தில் கூட்டம் குறைந்த ஒரு மாலை சேவிக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார். கைப்பையில் கற்கண்டுப் பொட்டலம் இரண்டு வைத்திருக்கிறார். ஒன்று தமக்கு, மற்றொன்று, வரிசையில் யாருக்கேனும் வேண்டியிருக்கும் என்று.