கைப்பேசி வழித் தோள் பயிற்சி

தோள்வலிப் பயிற்சிகளைக் காணொளி வழியாகக் கற்பிப்பதை நாங்கள் வரவேற்கிறோம். அச்சிட்ட படத்தால் கையை எவ்வளவு மெதுவாக உயர்த்த வேண்டும் என்பதைக் காட்ட இயலாது. ஃப்ரோசன் ஷோல்டர் எனப்படும் தோள் இறுக்கம் நீங்க 1 முதல் 3 ஆண்டுகள்கூட ஆகலாம்; நீரிழிவு உள்ளோரிடம் அது மிகுதி. அத்தனை காலமும் நினைவை மட்டும் நம்பிப் பயிற்சி செய்வது கடினம்.

ஆயினும், இணையத்தில் முதலில் கிடைக்கும் காணொளியைப் பின்பற்றுவதை ஏற்க மாட்டோம். இறுகிய தோளைச் சிறிது சிறிதாக அசைத்துப் பழக்க வேண்டும். கிழிந்த தசைநாணைத் தைத்துக்கொண்டவரோ, முதற்சில வாரங்கள் அக்கையைத் தாமாக உயர்த்தலாகாது. தைத்த இடம் மீண்டும் கிழியக்கூடும். இருவருமே கைப்பேசியில் தேடுவது ‘தோள்வலி’ என்ற ஒரே சொல்லைத்தான்.

சிகிச்சையாளர் முன்னிலையில் நீங்களே சரியாகச் செய்யும் காணொளிதான் உங்களுக்கு ஏற்றது என்பது எங்கள் கருத்து. உடன் வருபவர் அதை உங்கள் கைப்பேசியில் பதிவு செய்யட்டும் (பிற நோயாளிகள் படத்தில் விழ வேண்டா). வீட்டில் கை உயரும்போது தோள் காதை நோக்கி ஏறுகிறதா என்பதை அவரே பின்னின்று கவனிக்க வேண்டும். செய்பவருக்கு அது பெரும்பாலும் புலப்படுவதில்லை. பயிற்சிக்குப் பின் வலி கூடி இரவெல்லாம் நீடித்தால், அப்பயிற்சியை நிறுத்திவிட்டு எங்களிடம் வாருங்கள். வீட்டில் எடுத்த பதிவையும் கொண்டு வாருங்கள்.