முதுமையில் தேயும் தசை

எமது நாடு வேகமாக முதுமையடைந்து வருகின்றது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 65 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் சனத்தொகையில் 7.9 வீதத்தினராக இருந்தனர். 2024 ஆம் ஆண்டு மதிப்பீட்டில் இது 12.6 வீதமாக உயர்ந்துள்ளது. ஆயுள் நீள்வது நன்றே. அந்த ஆயுளைத் தமது கால்களில் நின்று கழிக்க எத்தனை பேருக்கு இயலும் என்பதே இன்றைய கேள்வியாகும்.

பல்லேகல, குண்டசாலை, திகன போன்ற பகுதிகளிலும் கண்டி மாவட்டத்தின் தோட்டங்களிலும் முதியவர்கள் பலர் படியேறத் தயங்குகின்றனர். சுஜூதிலிருந்து எழ முடியாமல் கதிரையில் அமர்ந்து தொழுகின்றனர். கொழுந்துக் கூடை சுமந்தவர்கள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கத் தடுமாறுகின்றனர். 'வயது போய்விட்டது' என்று கூறி நாமும் அமைதியடைந்து விடுகின்றோம். ஆயினும் இதன் பின்னணியில் தசை இழப்பு இருக்கக்கூடும். 1989 இல் அமெரிக்க ஆய்வாளர் இர்வின் ரோசன்பேர்க் இதற்கு 'சார்கோபீனியா' எனப் பெயரிட்டார். 2016 இல் அமெரிக்க நோய்க் குறியீட்டுப் பட்டியலிலும் இது தனியிடம் பெற்றது. விழுதல், இடுப்பெலும்பு முறிவு, பிறரைச் சார்ந்து வாழும் நிலை ஆகியன இதன் விளைவுகளாகும்.

இவ்விழப்பைப் படம்பிடித்து அளக்க இன்று வழியுண்டு. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா கருவி, மிகக் குறைந்த கதிர்வீச்சில் தசையையும் கொழுப்பையும் பிரித்துக் காட்டுகின்றது. நாரிப்பகுதியின் மூன்றாவது முள்ளென்பு மட்டத்தில் எடுக்கப்படும் ஒரேயொரு சி.டி. படத்தைக் கொண்டு உடல் முழுவதிலுமுள்ள தசையின் அளவை மதிப்பிடலாம். தசைக்குள் கொழுப்பு படிந்திருப்பதையும் அது காட்டிவிடும்.

தசையை அளப்பதற்கென்றே முதியவர்களை சி.டி. கருவிக்குள் அனுப்ப வேண்டுமென நாம் கூறவில்லை. கதிர்வீச்சும் செலவும் காத்திருப்போர் வரிசையும் அதற்கு இடந்தரா. எனினும் புற்றுநோய்க்காகவும் வயிற்று நோய்களுக்காகவும் எடுக்கப்படும் படங்களில் இத்தகவல் ஏற்கனவே அடங்கியுள்ளது. அதனை வாசித்தறிவதற்கு மேலதிகக் கதிர்வீச்சு தேவையில்லை. ஐரோப்பியரின் அளவுகோல் எமது மக்களின் உடலமைப்புக்குப் பொருந்தாது போகலாம். ஆகவே கண்டி தேசிய வைத்தியசாலையும் பேராதனை மருத்துவ பீடமும் இணைந்து எமக்குரிய அளவுகளை வகுப்பது பயன்தரும்.

ஆயினும் முதற்படி ஸ்கேன் அறையில் இல்லை. ஆசிய நிபுணர் குழுவின் 2019 ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி, கைப்பிடி வலிமை ஆண்களில் 28 கிலோவுக்கும் பெண்களில் 18 கிலோவுக்கும் குறைந்தாலோ, கதிரையிலிருந்து ஐந்து முறை எழுந்தமர 12 விநாடிகளோ அதற்கு மேலோ எடுத்தாலோ தசை இழப்பைச் சந்தேகிக்க வேண்டும். இச்சோதனைகளை ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களிலேயே நடத்தலாம். சந்தேகத்திற்குரியோரை மாத்திரம் டெக்ஸா பரிசோதனைக்கு அனுப்பினால் போதுமானது.

தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் புரதமுள்ள உணவுமே இதற்கான பிரதான பரிகாரம். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் முட்டையும் மீனும் பருப்பும் வறிய முதியவரின் தட்டுக்கு எட்டுகின்றனவா என்பதையும் அரசு சிந்திக்க வேண்டும். அளந்தறிந்த பின்னர் உணவுக்கு வழியில்லையெனில், எந்தப் படமும் அவரை எழுந்து நடக்க வைக்காது.