மகனையும் கேளுங்கள்!

எங்கள் காலனிப் பூங்காவில் இருட்டினால் போதும், ஊஞ்சல் பக்கம் பாட்டிலும் கையுமாக ஒரு கும்பல் வந்து உட்கார்ந்துவிடும். சீட்டாட்டம், கெட்ட வார்த்தை, வாக்கிங் போகிற பெண்களைப் பார்த்து ஜாடைப் பேச்சு. 'நமக்கெதுக்கு வம்பு' என்று எல்லாருமே ஒதுங்கிவிட்டோம்.

போன மாதம், உடைந்த பாட்டில் சில்லு குத்தி என் பேத்தி காலில் நாலு தையல். நாம் ஒதுங்க ஒதுங்கத்தான் அவர்களுக்கு இடம் கிடைக்கிறது என்று அன்றுதான் உறைத்தது.

பன்னிரண்டு பெண்கள் கையெழுத்துப் போட்டு கவுன்சிலரிடமும், காவல் நிலையத்திலும் மனு கொடுத்தோம். பூங்கா விளக்குகள் எரிய ஆரம்பித்தன. ரோந்துக்கும் ஆள் வந்தது. அதோடு விடவில்லை. கீரை ஆய்வதோ, பூக்கட்டுவதோ, சாயங்காலம் ஆறிலிருந்து ஏழரை வரை பூங்காவில்தான் என்று முடிவு செய்தோம். பத்துப் பெண்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பாட்டிலைத் திறக்க எவனுக்கும் தைரியம் வரவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கும்பலில் இரண்டு பேர் எங்கள் தெருப் பையன்கள்தான்! "இருட்டினப்புறம் போகாதேடி" என்று மகளைத் தடுக்கிற நாம், "எங்கேடா போயிட்டு வர்றே?" என்று மகனைக் கேட்கிறோமா?

பூங்காவில் பெண்களைத் தொல்லை செய்தால், 1998ல் வந்த தமிழகச் சட்டப்படி சிறைத் தண்டனை உண்டு. ஆபத்து என்றால் 112, பெண்களுக்கான உதவிக்கு 181 என்ற எண்கள் இருக்கின்றன. அந்த அளவுக்குப் போவதற்கு முன், வீட்டிலேயே ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே, சகோதரிகளே!

- ஒரு வாசகி, திருச்சி.