இணை ஓடுபாதைகளில் டிகாஸ் எச்சரிக்கை: ‘பொய் அலாரம்’ என்ற வாதத்துக்கு மறுப்பு

இணை ஓடுபாதைகளை நோக்கி இரண்டு விமானங்கள் அருகருகே இறங்கி வரும்போது, மோதல் தவிர்ப்புக் கருவியான டிகாஸ் எழுப்பும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் பொய் அலாரங்களே என்ற கருத்து பரவலாக உள்ளது. கருவிக்கு ஓடுபாதை எங்கிருக்கிறது என்று தெரியாது. விமானி பக்கத்து விமானத்தைக் கண்ணால் பார்க்கிறார். கட்டுப்பாட்டாளர் ரேடாரில் பார்க்கிறார். தரைக்கு அருகில் ‘ஏறு’, ‘இறங்கு’ என்று கருவி கட்டளையிடுவதே ஆபத்து. ஆகவே இறங்கும் நேரத்தில் கட்டளைப் பகுதியை நிறுத்திவைக்கலாம் என்று வாதம் போகிறது. இதில் கருவிக்கு ஓடுபாதை தெரியாது என்ற கூற்று முழு உண்மை. ஆனால் அதிலிருந்து பொய் அலாரம் என்ற முடிவு கிடைக்காது.

டிகாஸ், சுற்றியுள்ள விமானங்களின் டிரான்ஸ்பாண்டர்களிடம் கேள்வி கேட்கிறது. பதில் வந்து சேரும் நேரத்திலிருந்து தொலைவையும், பதிலில் உள்ள தகவலிலிருந்து உயரத்தையும் அறிகிறது. தொலைவு குறையும் வேகத்தைக் கொண்டு, இன்னும் எத்தனை விநாடியில் இரண்டும் நெருங்கிவிடும் என்று கணக்கிடுகிறது. முதலில் வருவது டி.ஏ. எனப்படும் கவன எச்சரிக்கை. நெருக்கம் தொடர்ந்தால் ஆர்.ஏ. எனப்படும் கட்டளை. தரையிலிருந்து 1,000 முதல் 2,350 அடி வரையிலான உயரத்தில் இவற்றுக்கான வரம்பு முறையே 25, 15 விநாடிகள்.

சாய்கோணத்தில் வந்து தன் ஓடுபாதைக்கு நேராகத் திரும்பப்போகும் விமானம், திரும்பாமல் அப்படியே வரும் என்றுதான் கருவி எடுத்துக்கொள்ளும். அதனால் ஒழுங்காகத் திரும்பவிருந்த விமானத்தைக் குறித்தும் ஆர்.ஏ. எழுவதுண்டு. ஆனால் அளக்கப்பட்ட தொலைவும் நெருங்கிய வேகமும் மெய்யானவை. பக்கத்து விமானம் திரும்புமா என்பது, அது திரும்பி முடிக்கும்வரை இந்தப் பக்கத்து விமானிக்கும் தெரியாது. திருப்பத்தைத் தவறவிட்டு அது குறுக்கே வந்தால், காப்பாற்றப்போவது அதே 15 விநாடிதான்.

இந்த எச்சரிக்கைகளைக் குறைக்கும் வழி வான்வழி நடைமுறையில் இருக்கிறது. இரு விமானங்களும் தத்தம் இறுதிப் பாதையில் நிலைகொள்ளும்வரை அவற்றுக்கிடையே 1,000 அடி உயர வேறுபாடோ 3 கடல் மைல் தொலைவோ இருக்க வேண்டும் என்பது விதி. இந்த உயரங்களில் ஆர்.ஏ.வுக்கான உயர வரம்பு 600 அடி. ஆக, 1,000 அடி வேறுபாடு சீராக இருந்தால் ஆர்.ஏ. எழாது. குறிப்பிட்ட உயரத்தில் நிலைகொள்ள வேண்டிய விமானம் மிக வேகமாக இறங்கினால், அது நிற்காமல் கீழே போய்விடும் என்று கருவி கணக்கிட்டுக் கட்டளை இடும். கடைசி 1,000 அடியில் இறங்கும் வேகத்தை நிமிடத்துக்கு 1,500 அடிக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். ஒரு விமான நிலையத்தில் ஆர்.ஏ. அடிக்கடி எழுகிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கருவியை அல்ல, அங்கே விமானங்களைத் திருப்பிவிடும் முறையை.

எதிர்வாதம் உண்மையிலேயே வலுப்பெறும் இடம் சான் பிரான்சிஸ்கோ. அங்கே 28 இடது, 28 வலது ஓடுபாதைகளின் நடுக்கோடுகளுக்கிடையே 750 அடிதான், அதாவது சுமார் 229 மீட்டர். 2,350 அடி உயரத்துக்குக் கீழே ஆர்.ஏ.வின் தொலைவு வரம்பே சுமார் 370 மீட்டர். இரு விமானங்கள் சற்றும் நெருங்காமல் பக்கம்பக்கமாகப் பறந்தாலே வரம்புக்குள் வந்துவிடும். இத்தகைய இடங்களில் டி.ஏ. மட்டும் ஒலிக்கும்படி வைக்க அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் வழிகாட்டுதல் இடமளிக்கிறது. ஆனால் எந்த நிலையம், எந்த இறங்குமுறை என்பதை விமான நிறுவனம் முன்கூட்டியே வரையறுக்க வேண்டும். இந்த விதிவிலக்கை எல்லா இணை ஓடுபாதைகளுக்கும் நீட்ட முடியாது. ஒன்றையொன்று சாராமல் விமானங்கள் இறங்க, சர்வதேச விதிப்படி நடுக்கோடுகளுக்கிடையே குறைந்தது 1,035 மீட்டர் வேண்டும். 5,000 அடிக்குக் கீழே ஆர்.ஏ.வின் தொலைவு வரம்பு 650 மீட்டரைத் தாண்டாது.

கண்ணால் பார்ப்பதே போதும் என்ற வாதத்துக்குப் பதில் 1978 செப்டம்பர் 25-ல் சான் டியேகோவில் கிடைத்தது. இறங்கிக்கொண்டிருந்த பி.எஸ்.ஏ. 182 விமானத்தின் குழு, முன்னால் போகும் செஸ்னாவைப் பார்த்துவிட்டதாகச் சொன்னது. பிறகு பார்வையிலிருந்து அதைத் தவறவிட்டது. மோதலில் 144 பேர் இறந்தனர். அப்போது டிகாஸ் கிடையாது.

கட்டுப்பாட்டாளரை நம்பலாம் என்ற வாதத்துக்குப் பதில், 2002 ஜூலை 1-ல் யூபர்லிங்கனில் நடந்த மோதல். டுப்போலெவ் விமானத்தை ஏறச் சொன்னது டிகாஸ், இறங்கச் சொன்னார் கட்டுப்பாட்டாளர். விமானிகள் இறங்கினார்கள். எதிரே வந்த சரக்கு விமானமும் தன் டிகாஸ் சொன்னபடி இறங்கியது. 71 பேர் இறந்தனர். இரண்டும் முரண்பட்டால் ஆர்.ஏ.வையே பின்பற்ற வேண்டும் என்பதில் இன்று ஐயத்துக்கு இடமில்லை. நெருக்கமான இணை ஓடுபாதைகளுக்கான அமெரிக்க நடைமுறையில் இந்த முரண் வராதபடியே வகுத்திருக்கிறார்கள்: எந்தப் பக்கம் திரும்புவது என்பதைக் கட்டுப்பாட்டாளர் சொல்வார், ஏறுவதா இறங்குவதா என்பதை ஆர்.ஏ. சொல்லும், விமானி இரண்டையும் ஒருசேரச் செய்வார்.

தரைக்கு அருகே கட்டளை ஆபத்து என்ற பயத்தைக் கருவியை வடிவமைத்தவர்களே தீர்த்துவிட்டார்கள். ஏறத்தாழ 1,100 அடிக்குக் கீழே ‘இறங்கு’ என்ற கட்டளை வராது. 1,000 அடிக்குக் கீழே எந்த ஆர்.ஏ.வும் வராது.

கட்டளைப் பகுதியை நிறுத்துவதில்தான் பெரிய இழப்பு இருக்கிறது. நிறுத்தினால் பக்கத்து ஓடுபாதை விமானத்துக்கு எதிராக மட்டுமல்ல, வழிதவறிக் குறுக்கே வரும் சிறு விமானம் உட்பட எல்லாவற்றுக்கும் எதிரான கட்டளையும் போய்விடும். ஒன்று ஏற மற்றது இறங்கும்படி இரு கருவிகளும் தமக்குள் செய்துகொள்ளும் ஒருங்கிணைப்பும் நடக்காது. டி.ஏ. மட்டும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, இணை ஓடுபாதை சாராததானாலும், வாஷிங்டன் விபத்து எடுத்துக்காட்டு. 2025 ஜனவரி 29-ல் ரீகன் விமான நிலையத்தில் இறங்கவிருந்த பயணிகள் விமானத்தில், ராணுவ ஹெலிகாப்டருடன் மோதுவதற்குச் சுமார் 20 விநாடி முன்பு ‘டிராஃபிக், டிராஃபிக்’ என்று ஒலித்தது. உயரம் குறைவென்பதால் ஆர்.ஏ. வரவில்லை. 67 பேர் இறந்தனர்.

டிகாஸுக்கு அடுத்த தலைமுறையான ஏகாஸ் எக்ஸ் கருவிக்கு 2018-ல் வெளியான தரநிலை இந்தச் சிக்கலுக்குச் சரியான இடத்தில் தீர்வு தேடுகிறது. இணையாக இறங்கும் குறிப்பிட்ட ஒரு விமானத்தை விமானி தேர்ந்தெடுத்தால், அதற்கு மட்டும் எச்சரிக்கை வரம்பு மாறும். மற்ற எல்லா விமானங்களுக்கும் ஆர்.ஏ. முழுமையாக இயங்கிக்கொண்டிருக்கும்.