படத்தில் இல்லாவிட்டால் நோயே இல்லையா?

போன வாரம் கொல்லிமலைச் செம்மேட்டிலிருந்து இறங்கிய பஸ்ஸில் என் காதுபடச் சொன்னார்கள்: "ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னுட்டாங்கல்ல கண்ணு? அப்புறம் மாத்திரை எதுக்கு? நிறுத்திட்டுப் பூசாரிகிட்ட கூட்டிட்டுப் போ." கேட்ட தாயின் மடியில் வலிப்பு வந்த பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. சொன்னவர் நன்றாகப் படித்தவர். எங்கள் திண்ணனூர் நாட்டில் மட்டுமா இந்தப் பேச்சு? சென்னை அடுக்குமாடிகளிலும் இதேதான். மூளையைப் படம் பிடித்தால் எல்லாம் தெரிந்துவிடும், படம் சுத்தமென்றால் நோய் இல்லை என்கிற இந்த நம்பிக்கை உயிரைக் குடிக்கிறது.

சி.டி. எக்ஸ்ரே கதிரால் எடுப்பது. எம்.ஆர்.ஐ. காந்தத்தால் எடுப்பது. இரண்டும் காட்டுவது மூளையின் உருவத்தை: கட்டி, ரத்தக்கசிவு, வீக்கம், தழும்பு. வலிப்போ நரம்பணுக்களில் திடீரென்று தாறுமாறாகப் பாயும் மின்சாரம். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒயரைப் போட்டோ எடுத்தால் அறுந்திருக்கிறதா என்று தெரியும். ராத்திரி வோல்டேஜ் எகிறியது தெரியுமா? வலிப்பு நோயாளிகள் ஏராளமானோருக்கு ஸ்கேன் சுத்தமாகவே இருக்கும். அந்தப் பிள்ளைக்கு வலிப்பு வந்ததை வீடே பார்த்தது. கண்ணால் பார்த்ததைவிடப் படம் பெரிதா?

"அப்போ ஈ.ஈ.ஜி. எடுத்தா தெரிஞ்சிடுமே" என்று அடுத்த குரல் வரும். ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின்னலையை முதன்முதலாகப் பதிவு செய்தார். நூறு வருஷம் ஆகியும், வலிப்பு நோயாளிகளில் சுமார் பாதிப் பேருக்கு முதல் ஈ.ஈ.ஜி.யில் கோளாறு சிக்குவதில்லை. தலையில் கம்பி ஒட்டியிருக்கும் அரைமணி நேரம் மூளை அமைதியாக இருந்தால் அமைதிதான் பதிவாகும். அதற்காக, முந்தின ராத்திரி கண் செருகி, நுரை தள்ளி, கைகால் வெட்டி இழுத்த பிள்ளைக்கு வலிப்பே இல்லை என்று தீர்ப்பு எழுதுவதா? எழுதுகிறார்கள். மாத்திரையையும் நிறுத்துகிறார்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு ஓயாமல் தொடர்ந்து உயிரே போகலாம். முறையாக மருந்து சாப்பிட்டால் 100 பேரில் 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எந்தப் பூசாரியிடம் இந்தக் கணக்கு இருக்கிறது?

படத்தைக் கும்பிடும் இதே வாய், வேறு பரிசோதனை என்றால் அலறும். ஈ.ஈ.ஜி.யில் "ஷாக் குடுப்பாங்க" என்பார்கள். அது உடம்புக்குள் கரண்ட் விடுவதே இல்லை. மூளையின் கரண்டைப் பதிவு மட்டும் செய்கிறது. "முதுகுல நீர் எடுத்தா கால் விளங்காமப் போயிடும்" என்பார்கள். ஊசி இறங்கும் இடத்துக்கு மேலேயே தண்டுவடம் முடிந்துவிடுகிறது. மூளைக்காய்ச்சலை உறுதிசெய்ய அந்த நீர்தான் வேண்டும். அதற்குக் கையெழுத்துப் போட மறுப்பவர்கள், ஒற்றைத் தலைவலிக்கு, எந்தப் படத்திலும் தெரியாத அந்த வலிக்கு, மிளகு விற்ற காசைக் கொண்டுபோய் ஸ்கேன் சென்டரில் கொட்டுகிறார்கள். டாக்டர்களையும் விடமாட்டேன். சுத்தியால் முழங்காலைத் தட்டி, கண்ணில் டார்ச் அடித்து, நாலு அடி நடக்கவிட்டுப் பார்க்க நேரமில்லாதவர்கள் சீட்டை மட்டும் உடனே கிழித்து நீட்டுகிறார்கள்.

ஸ்கேன் ஓடோடி எடுக்க வேண்டிய நோய் பக்கவாதம். ரத்தக்குழாய் அடைப்பா, கசிவா என்று சி.டி.தான் பிரித்துச் சொல்லும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அப்போதுதான் நம் ஆட்கள் "விடியட்டும்" என்று உட்காருவார்கள். காரவள்ளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிற மலையில் விடியும்வரை காத்திருக்கலாமா? வல்வில் ஓரி விழாவுக்குக் காட்டும் அக்கறையை, ராத்திரியில் நோயாளியை இறக்குவதிலும் அரசாங்கம் காட்டட்டும்.

வலிப்புக்கு முதல் பரிசோதனை, பார்த்தவர் சொல்லும் சாட்சி. எந்தக் கை முதலில் இழுத்தது, எத்தனை நிமிஷம் நீடித்தது, நினைவு திரும்ப எவ்வளவு நேரமானது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது. அந்த நேரத்தில் இரும்புச் சாவியைத் தேடி ஓடாதீர்கள்; ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை வைத்தியம் பார்க்கிற டாக்டர் ஒருவர்தான் சொல்ல வேண்டும்.